பார்ட்னருக்கும் அடி விழும்

திங்கட்கிழமை மறுபடி கிரேன் ஏறப்போவதாக அண்ணன் சொன்னதிலிருந்து அண்ணி சரியாகச் சாப்பிடவில்லை. திருமழிசையில் ஒரு தொழிற்சாலையில் அவன் கிரேன் ஆபரேட்டர். கூரையை ஒட்டி ஓடும் கேபினில் உட்கார்ந்து இரும்புத் தகடுகளைத் தூக்கி இறக்குகிற வேலை. கீழே ஆட்கள் நடமாடிக்கொண்டே இருப்பார்கள். ஸ்ட்ரோக் வந்து வலது கை விழுந்து, பிறகு தேறி, டாக்டரும் வேலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் டம்ளரை மேசையில் வைத்த பிறகும் அவன் விரல்கள் அதை உடனே விடுவதில்லை என்று அண்ணி என் காதைக் கடித்தாள்.

"நீ சொன்னா கேப்பாரு. நீ பேசு."

நான் பேசினால் சண்டைதான் வரும். என் வாய் அப்படி.

ஞாயிறு மதியம் சேக்காட்டில் அவன் வீட்டுக்குப் போனேன். டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான். சின்ன வயதில் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஓடிப்போய் வீடியோ கேம் கடையில் நாங்கள் ஆடிய அதே ஆட்டம். இப்போது புதுசாகப் பண்ணி விட்டிருக்கிறார்கள். ஊரை ஆட்டிவைக்கும் ரவுடிக் கும்பலைத் தெருத்தெருவாக அடித்து விரட்டும் இரண்டு போலீஸ். படம் பளபளவென்று இருந்தது.

"வா பார்ட்னர். ரெண்டு ஸ்டேஜ் சாவாம முடிச்சிட்டேன்னா உங்க அண்ணி வாய மூடிகினு டிபன் கட்டணும்" என்றான், சமையலறைக்கும் கேட்கும்படி.

நானும் கூட உட்கார்ந்து ஆடினேன். முடித்தும் விட்டான். அண்ணி கதவோரம் வந்து நின்று என்னையே பார்த்தாள்.

எனக்கு மட்டும் ஒன்று தெரிந்திருந்தது. இந்தப் புது ஆட்டத்தில் நம் அடி பார்ட்னர் மேல் பட்டாலும் ஒன்றும் ஆகாது. அவன் வீசிய இரும்பு பைப் எத்தனையோ தடவை திரையில் என் போலீஸ்காரியின் உடம்புக்குள் புகுந்து போயிருந்தது. பழைய ஆட்டத்தில் யார் மேல் பட்டாலும் அடிதான். அங்கே ரவுடியை அடிப்பதைவிட, கையைச் சட்டென்று நிறுத்துவதுதான் பெரிய வித்தை. அதில் அண்ணனை அடித்துக்கொள்ள ஆவடியிலேயே ஆள் கிடையாது. புதிதிலும் செட்டிங்கை மாற்றினால் பழையபடி ஆடலாம்.

அவன் தோற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அப்படி ஆசைப்பட்ட என்னை எனக்கே பிடிக்கவில்லை.

"பழசு மாதிரி ஆடலாமாண்ணே? பார்ட்னருக்கும் அடி விழும்."

"போடு போடு. எனக்கு இன்னா பயம்?"

மாற்றினேன். முதல் சண்டையிலேயே பைப் என் மேல் விழுந்தது. "குறுக்க ஏன் வர்ற?" என்று சிரித்தான். நான் ஒதுங்கவில்லை, வேண்டுமென்றே ஒட்டியே நின்றேன். மறுபடி விழுந்தது. ரவுடி செத்த பிறகும் ஒரு அடி கூடுதலாக வந்தது. அவன் சிரிப்பு நின்றது. முதுகை நிமிர்த்திக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு ஆடினான். பாவி, என்ன பாடுபட்டான்! என் போலீஸ்காரி கடைசி உயிரோடு அவன் முன்னால் நின்றாள். சுற்றிலும் ஒரு ரவுடிகூட மிச்சமில்லை. அப்போதும் பைப் இறங்கியது.

அண்ணன் தன் கட்டைவிரலையே பார்த்தான். "நிறுத்தத்தான் நெனச்சேன். இது கேக்கல."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவன் போனை எடுத்து என்னிடம் நீட்டினான். "சூப்பர்வைசருக்குப் போடு. நான் வரலன்னு சொல்லிடு. என் வாயால முடியாது."

தங்கச்சி பேசுகிறேன் என்றதுமே அவர் என்னை மேலே பேசவிடவில்லை. "நாளைக்கு வரான் இல்லம்மா? பசங்கல்லாம் கிரேனுக்கு மால போட்டு வெச்சிகினு கீறானுங்க!" அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

ஊரையே வாயால் அடக்குகிற நான் போனை அண்ணனிடமே திருப்பி நீட்டினேன்.

"கீழ நிக்கப்போறது அந்தப் பசங்கதான்னு சொல்லு" என்றான் அண்ணன், தரையைப் பார்த்தபடி.

அழுதுகொண்டே சொன்னேன்.