பத்து நாள் மௌனமும் செக்கிங் டேபிளும்

உடல்மொழி பற்றிப் பல வருடங்களாகப் பிறருக்கு வகுப்பு எடுத்துவருகிறேன். கல்லூரியில் எனக்குச் சம்பளம் என்னவோ தமிழ் நடத்துவதற்குத்தான். இறுதியாண்டுப் பிள்ளைகளை நேர்முகத் தேர்வுக்குத் தயார் செய்ய ஆள் வேண்டும் என்று ஒருநாள் முதல்வர் கூட்டத்தில் கண்ணை ஓட்டினார். குனிந்திருந்தால் தப்பித்திருப்பேன். நிமிர்ந்து பார்த்துவிட்டேன். கையைக் கட்டிக்கொள்பவர் எதையோ மறைக்கிறார், மூக்கைத் தொடுபவர் பொய் சொல்கிறார் என்று இரண்டு புத்தகங்களில் படித்ததை அன்றிலிருந்து சொல்லிவருகிறேன். ஆம்பூர் வெயிலில் மூக்கு நுனி வியர்வையைத் துடைத்தபடியே பிள்ளைகள் அதைக் குறித்துக்கொள்கிறார்கள்.

சென்ற வருடம் என் குரல் கரகரக்கத் தொடங்கியது. வேலூர் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல்நாணில் சின்னதாக ஒரு கட்டி என்றார்கள். அதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

"பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது சார். ரிசல்ட் வரட்டும், பாத்துக்கலாம். அதுவரைக்கும் பத்து நாள் பேசக் கூடாது. கிசுகிசுன்னு கூடப் பேசக் கூடாது" என்றார் டாக்டரம்மா. சொல்லும்போது கையைக் கட்டிக்கொண்டார்.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. என் வகுப்பின் முதல் பாடமே அதுதானே. ஆம்பூர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து என் இரங்கல் கூட்டத்தை மனதுக்குள் நடத்தி முடித்தேன். கூட்டம் கொஞ்சம் கம்மிதான். அந்த அறையில் ஏசி எலும்பை நடுக்கியதும், டாக்டரம்மா வெள்ளைக் கோட்டுக்குள் ஸ்வெட்டர் போட்டிருந்ததும் பள்ளிகொண்டா தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதற்குள் நன்றியுரையும் முடிந்திருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி ஒரு ஷூ கம்பெனியில் செக்கர். தைத்து வரும் ஷூவின் மேல்பாகத்தை ஜோடி ஜோடியாகப் பார்த்துத் தேர்வு செய்கிற வேலை, இருபது வருடமாக. ஆஸ்பத்திரியில் அவள் டாக்டரிடம் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தும் எதுவும் சொல்லவில்லை. என் முகத்தை ஒருமுறை டியூப்லைட் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, கஞ்சி வைக்கப் போய்விட்டாள். பயப்படுகிறாளா, தைரியமாக இருக்கிறாளா, வீட்டில் சத்தம் குறைந்ததில் நிம்மதியாக இருக்கிறாளா? உடல்மொழி வாத்தியாருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

முதல் இரண்டு நாள் பேசாமல் இருந்தது தண்டனையாக இருந்தது. மூன்றாம் நாள் தண்ணீருக்குள் இறங்கியது போல ஆகிவிட்டது. சத்தங்கள் எல்லாம் மேலே எங்கோ மிதந்தன. நான் பேசாததைப் பார்த்து எனக்குக் காதும் கேட்காது என்று முடிவுகட்டிய பால்காரர், தானும் வாயை மூடிக்கொண்டு விரல்களைக் காட்டினார். பக்கத்து வீட்டு பாய் வழக்கம்போல நெஞ்சில் கை வைத்துத் தலையைச் சாய்த்தார். இத்தனை வருடம் நான் பதிலுக்கு வளவளவென்று பேசியதில் கவனிக்காமல் விட்ட கை அது. இப்போது நெஞ்சிலேயே கொஞ்சநேரம் தங்கி, பிறகு மெதுவாக இறங்கியது.

காலையில் கம்பெனி பஸ் வரும். நான் வாசலில் நின்று பார்ப்பேன். பனியும் புகையும் கலந்த வெளிச்சத்தில் மலை பாதி கரைந்திருக்கும். பஸ்ஸின் கண்ணாடிக்குப் பின்னால் பெண்களின் கைகள் மட்டும் தெளிவாகத் தெரியும், தொட்டிக்குள் மீன்கள் திரும்புவது போல. பஸ் நிற்பதற்குள்ளேயே என் மனைவி தெருவில் நின்றபடி உள்ளே இருப்பவளிடம் எதையோ கேட்டு, பதிலும் வாங்கி, அதற்குச் சிரித்தும் முடித்திருப்பாள். சத்தமே இருக்காது. தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவில் இருபது வருடம் பேசிப் பழகிய கைகள். என் வீட்டிலேயே இப்படி ஒரு பாஷை இருந்திருக்கிறது. நான் ஊருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் அவள் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போனாள். எடுத்துக்கொண்டு போனேன். வாட்ச்மேன் என்னைத் தையல் கூடத்தின் வாசல்வரை அழைத்துச் சென்றார். தோலும் பசையும் கலந்த வாசனை, வரிசை வரிசையாக மெஷின்கள், காதை அடைக்கும் இரைச்சல். கோடியில் செக்கிங் டேபிளில் அவள்.

ஒரு ஜோடியை எடுத்தாள். உள்ளே விரல் விட்டுத் தடவினாள், முனையை வளைத்தாள், உள்புற லைனிங்கைப் புறங்கையால் ஒற்றிப் பார்த்தாள், வலப்பக்கம் வைத்தாள். அடுத்தது. வலப்பக்கம். அடுத்தது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஏழாவதோ எட்டாவதோ ஜோடியில் மட்டும் புருவம் நெரிந்தது. தையல் விட்ட இடத்தைக் காட்டும்படி சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, கையை உயர்த்தினாள். அப்போதுதான் என்னைப் பார்த்தாள். மணிக்கட்டைத் திருப்பி 'என்ன' என்றாள்.

கண்ணாடியை மறந்துவிட்டாய், கொண்டுவந்திருக்கிறேன், நான் நன்றாக இருக்கிறேன், மறக்காமல் சாப்பிடு என்று இரண்டு கைகளாலும் விரிவாகச் சொன்னேன். வரிசையில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்ததால் அவர்கள் சிரித்தது மட்டும்தான் தெரிந்தது, கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் காலணியைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"லைன்ல அத்தினி பேரும் கேக்குறாங்க. அக்கா, உங்க ஊட்டுக்காரரு பஸ்ஸு ரிவர்ஸ் எடுக்க வழி காட்டறவரானு."

நோட்டை எடுத்து எழுதினேன்: 'நல்ல ஜோடி வந்தால் நீ ஏன் ஒன்றுமே காட்டுவதில்லை?'

கண்ணாடியைப் போட்டுப் படித்தாள். "நல்லதுக்கு இன்னா காட்டணும், மாலை போடணுமா? தப்பு இருந்தா அம்பு ஒட்டுவேன். இல்லன்னா அடுத்தத எடுப்பேன். ஒவ்வொண்ணுக்கும் சூப்பரு சூப்பருனு சொல்லினு இருந்தா கண்டெய்னர் எப்பக் கெளம்பறது?"

அதற்குக் கீழே எழுதினேன்: 'எனக்குப் பயமாக இருக்கிறது.'

அதையும் படித்தாள். கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். புறங்கையால் என் கழுத்தை ஒற்றிப் பார்த்தாள். காய்ச்சல் பார்த்தாளா, லைனிங் பார்த்தாளா, தெரியவில்லை. பிறகு எழுந்து பால் காய்ச்சப் போனாள்.

பத்தாம் நாள் மறுபடியும் வேலூர். டாக்டர் அறை வாசலில் இடம் பிடித்து என்னை உட்காரவைத்துவிட்டு, ரிசல்ட் வாங்க அவள் கவுன்ட்டருக்குப் போனாள். நடுவில் பெரிய கூடம். சக்கர நாற்காலிகள், எக்ஸ்ரே கவர்கள், நான்கைந்து பாஷைகள். எல்லாம் ஒரு மெல்லிய திரைக்கு அப்பால் அசைவது போல இருந்தது. கூட்டத்தின் இடைவெளியில் அவள் மட்டும் அசையாமல் நின்று கவரைப் பிரித்தாள்.

கம்பெனியில் ஆர்டர் ஷீட் படித்துப் பழகிய ஆங்கிலம் அவளுடையது. ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். என் இரண்டு புத்தகங்களையும் அவள்மேல் போட்டுப் பார்த்தேன். தோள் இறங்கியிருக்கிறதா, கால் எந்தப் பக்கம் பார்க்கிறது, உதட்டைக் கடிக்கிறாளா? எதுவும் உதவவில்லை. அவள் புருவத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நெரிந்தால் முடிந்தது.

தாளை மடித்தாள். பைக்குள் வலப்பக்கமாகச் செருகினாள். அதே கையால் இன்னொரு தாளை வெளியே எடுத்தாள். லாங் பஜாரில் வாங்கவேண்டிய சாமான் லிஸ்ட். என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பாமல், அதை உள்ளங்கையில் வைத்து, ஏதோ விட்டுப்போனதை எழுதிச் சேர்க்கத் தொடங்கினாள்.

அம்பு இல்லை. அடுத்ததை எடுத்துவிட்டாள்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வருவதற்கு வெகுநேரம் ஆனது போல இருந்தது.

"இன்னாத்துக்குக் கண்ணு கலங்கினு உக்காந்துகினு இருக்கீங்க? ஒண்ணும் இல்லனு அங்கிருந்தே சொன்னேனே."

எப்போது என்று கையை விரித்தேன்.

"லிஸ்ட்டு எடுத்தேனே. பாக்கலியா?"

பார்த்தேன் என்று தலையசைத்தேன்.

உள்ளே டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, கட்டி சாதாரணமானதுதான் என்றார். "இப்ப மெதுவா ஒரு வார்த்தை பேசுங்க சார், கேப்போம்."

பத்து நாளில் சொல்ல எவ்வளவோ சேர்த்துவைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் ஒன்றும் நினைவில்லை. மனைவியின் கையில் விரிந்திருந்த லிஸ்ட்டின் முதல் வரி கண்ணில் பட்டது.

"புளி" என்றேன். பழைய கதவு திறப்பது போல ஒரு சத்தம்.

டாக்டரம்மா என் மனைவியைப் பார்த்தார்.

"ரெண்டு கிலோ" என்றாள் அவள்.

லாங் பஜாரில் எங்களுக்கு நடுவே ஸ்கூட்டர்கள் புகுந்து அவளை மூன்று கடை முன்னால் கொண்டுபோய்விட்டன. அங்கிருந்தே மணிக்கட்டைத் திருப்பி 'என்ன' என்றாள். தொண்டையைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று, இரண்டு கைகளையும் உயர்த்தி, வந்துகொண்டிருக்கிறேன், நீ போ என்றேன். எதிரே நின்ற கைவண்டிக்காரர் என் கைகளைப் பார்த்துவிட்டு, வண்டியை மெதுவாகப் பின்னால் எடுக்க ஆரம்பித்தார்.