எயார் பில்டரை எடுத்தது நான்தான்

எங்கள் காருக்கு எயார் பில்டர் தெரிவுசெய்தது நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. இன்றைக்கு யார் கேட்டாலும் இதை நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்வேன், ஏனென்றால் அது சரியான பில்டர். அதில் ஒருவரும் ஒரு குறை சொல்ல முடியாது.

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா கொழுந்து லொறி ஓட்டினார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சொந்தமாகக் கார் வைத்திருந்தது நாங்கள் மட்டும்தான். அது என்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஜப்பான் கார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காலையில் அதைக் கிளப்புவதற்குள் அப்பாவுக்கு வியர்த்துவிடும், அந்தப் பனியிலும்.

அந்த வருஷம் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக முடிவெடுத்திருந்தார். சனிக்கிழமை விடிய வெளிக்கிட்டு, மத்தியானத்துக்குள் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அப்பா இரண்டு மாதமாக வேண்டாம் என்றார், கெஞ்சினார், ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அம்மா அசையவில்லை. "பெரியவ படிக்கணும், சின்னவ படிக்கணும். கொழுந்து பறிச்சு நடக்கிற காரியமாங்க இது?" என்று ஒரே கேள்வி. கடைசியில் அப்பா வாய் திறப்பதையே நிறுத்திவிட்டார். சம்மதித்துவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கென்ன, விமானத்தைக் கிட்டத்தில் பார்க்கப் போகிறேன் என்ற குஷி.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வேன் பிடிக்கலாம் என்றார். அப்பா சீறிவிட்டார். "என் பொண்டாட்டிய நாந்தான் கொண்டுபோயி விடுவேன்." அதற்கு மேல் யார் பேசுவது? வெளிநாட்டுக்கு வழியனுப்புவதென்றால் எங்கள் பக்கம் குடும்பமே ஏறிப் போக வேண்டும். ஒருவரை விட்டால் ஆயுசுக்கும் மனஸ்தாபம். அப்பா, அம்மா, அக்கா, மாமா, மாமாவின் மனைவியான அத்தை, நான், போதாததற்கு அம்மாவின் பெட்டி. இத்தனை பாரத்தோடு கார் நோர்வூட் தாண்டி ஹட்டன் வரை ஏற வேண்டும்.

புதன்கிழமை வெள்ளோட்டம் விட்டுப் பார்த்தோம். முதல் ஏற்றத்திலேயே கார் கரும்புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. மாமா பொனட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் போகிற காற்றை வடிகட்டும் பில்டர் பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே ஓர் எலி, தேயிலைத் தூசியையும் கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கின் கிழிசலையும் இழுத்துவந்து பிள்ளைப்பேற்றுக்கு வீடு கட்டி வைத்திருந்தது. பில்டர் பேப்பரில் பாதியைக் காணோம்.

"காத்தே உள்ள போகல மச்சான், அப்புறம் எப்புடி ஏறும்?" என்றார் மாமா.

"தட்டிப் போட்டா ஓடும்" என்றார் அப்பா.

மாமா விடவில்லை. எனவே வியாழக்கிழமை அப்பா ஹட்டனுக்கு பஸ் ஏறினார். நானும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஒட்டிக்கொண்டேன். பில்டர் பெட்டிகளில் நம்பரும் எழுத்தும் இங்கிலீஷில்தான் இருக்கும், அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது, நானோ வகுப்பில் இங்கிலீஷுக்கு முதலாவது. நான் போகாமல் யார் போவது?

பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த சாமான் கடையின் முதலாளி ஒரு சிங்களவர். தமிழ் நன்றாகவே பேசுவார். எலி தின்ற பில்டரை வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டு மேசையில் மூன்று பெட்டிகளை வைத்தார். அப்பா முதல் பெட்டியைத் திறந்தார். அது வெகுகாலமாகக் கடையில் கிடந்த சாமான். ஈரம் ஏறி, பேப்பர் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. அப்பா விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். "இதையே குடுங்க முதலாளி" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "அப்பா, அது வேணாம்பா! மடிப்பெல்லாம் ஒட்டியிருக்கு, கண்ணு தெரியலியா?" என்றேன். முதலாளி கைபேசி விளக்கை பில்டருக்குள் பிடித்துக் காட்டினார். வெளியே ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. "வெளிச்சம் வராட்டி காத்தும் வராது துவ" என்றார். துவ என்றால் அவர் பாஷையில் மகள்.

இரண்டாவது பெட்டியில் இருந்தது புத்தம் புதிது. அதைப் பழையதன்மேல் வைத்துப் பார்த்தேன், அரை விரல் அளவு குட்டை. விளிம்பு ரப்பர் மூடியில் போய் உட்காராது, தூசி பக்கவாட்டால் எஞ்சினுக்குள் போய்விடும் என்றார் முதலாளி. "இது போதும், வா" என்று அப்பா அதைக் கையிலெடுத்தார். நான் பிடுங்கி மேசையில் வைத்தேன். மூன்றாவதை எடுத்துப் பழையதன் விளிம்பிலிருந்த நம்பரோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட்டேன். உயரம் சரி. ரப்பர் சரி. விளக்கைப் பிடித்தால் மடிப்புக்கு மடிப்பு வெளிச்சம்.

"அனே, இந்தப் பிள்ளை பெரிய இஞ்சினியராத்தான் வரும்" என்றார் முதலாளி. நான் அப்பாவைப் பெருமையோடு பார்த்தேன். அப்பா தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடையில் எல்லார் முன்னாலும் திருத்திவிட்டேனே, அதுதான் ரோஷம் என்று நினைத்தேன்.

பில்டரைப் போட்டதும் கார் ஏறியது பாருங்கள்! மாமா என்னைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றினார். லயத்தில் அன்று நான்தான் ராணி. அம்மா மட்டும் என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நல்லா பாத்துத்தான் எடுத்திருக்கடி" என்று சொல்லி வெகுநேரம் விடவேயில்லை. எனக்கு மூச்சு முட்டியது.

சனிக்கிழமை விடியும்போது சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்க வெளிக்கிட்டோம். எந்த ஏற்றத்திலும் கார் இருமவில்லை. அப்பாதான் மாட்டுவண்டி மாதிரி உருட்டிக்கொண்டு வந்தார். பின்னால் வந்த பஸ்ஸெல்லாம் ஹோர்ன் அடித்தன. "வேகமா போங்கப்பா, அம்மாவுக்கு நேரமாயிரும்" என்று பின்சீட்டிலிருந்து நான் விரட்டினேன். ஹட்டனைத் தாண்டியபோது அம்மா அப்பாவின் தோளில் கை வைத்தார். அப்பா திரும்பவில்லை.

நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தோம். அம்மா பெட்டியைத் தள்ளிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குள் போனார். ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அக்கா விக்கி விக்கி அழுதாள். நான் விமானங்களை எண்ணினேன்.

திரும்பி வந்து காரில் ஏறிய பிறகு அப்பா சாவியைப் போடாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. பன்னிரண்டு வருஷம் மலைப் பாதையில் லொறி ஓட்டி, அதன் பில்டரையெல்லாம் தன் கையாலேயே மாற்றிய மனுஷனுக்கு, ஒட்டிப்போன மடிப்பு எது, நல்ல மடிப்பு எது என்று தெரியாமலா இருந்திருக்கும்? அந்த முதல் பெட்டியை வாங்கியிருந்தால் கார் நோர்வூட் ஏற்றத்தில் நின்றிருக்கும், விமானம் போயிருக்கும், அம்மா அன்று எங்களோடு வீட்டில் இருந்திருப்பார். வாயால் தடுக்க முடியாததை அவர் ஒரு பழைய பில்டரை வைத்துத் தடுக்கப் பார்த்திருக்கிறார். இதெல்லாம் எனக்கு அப்போது எங்கே விளங்கியது! "சாவியப் போடுங்கப்பா, பட்டுனு ஸ்டார்ட் ஆகும் பாருங்க" என்றேன். போட்டார். பட்டென்று ஸ்டார்ட் ஆனது. அழுதுகொண்டிருந்த காருக்குள் நான் மட்டும் கை தட்டினேன்.