கடலுக்குப் போகிறவரிடம் கேட்ட கேள்வி

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி இரண்டே மாதம். மனைவிக்கு என் பூர்வீகத்தைக் காட்டுகிறேன் என்று பெரிதாகச் சொல்லி, யாழ்ப்பாணத்தில் ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சின்ன மீன்பிடிக் கிராமத்துக்கு அழைத்துப் போனேன். உண்மையில் அந்த ஊரை நானும் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அப்பா இளவயதிலேயே மலைநாட்டுப் பதுளைக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். எனக்குத் தெரிந்த மீனெல்லாம் குழம்பில் கிடந்த மீன்தான்.

பெரியப்பாவின் மகன் வீட்டில் மூன்று நாள் தங்குவதாக ஏற்பாடு. அண்ணை என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கடல் தொழில், பேச்சு குறைவு. தம்பி முறையான என்னை "நீர்" என்றுதான் கூப்பிட்டார், ஏதோ அரசாங்கக் கச்சேரியிலிருந்து வந்த உத்தியோகத்தரைப் போல. எனக்கு அது பிடிக்கவில்லை. "இவன் எங்கட ஆள்" என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும், அது மனைவியின் காதிலும் விழ வேண்டும். அதுதான் என் ஆசை.

அதற்காகவே மறுநாள் விடியும்போது எழும்பி, பல்துலக்கியோடு கரையில் போய் நின்றேன். அந்தக் கடல் குளம் மாதிரி, ஆழமே இல்லை. தண்ணீர் வற்றுவதற்குள் வள்ளங்களைத் தள்ளிக்கொண்டு போய்விட வேண்டும். முதலில் ஒருவர் தோளில் வலையோடு வந்தார். நான் வாய் நிறைய நுரையும் சிரிப்புமாக, "எங்கை அண்ணை போறியள்?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

நான் வந்திருக்கிற செய்தியை வீட்டில் சொல்லத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது ஆளையும் கேட்டேன். அவரும் திரும்பினார். மூன்றாவது, நான்காவது ஆட்களும் அப்படியே. என்ன அன்பான சனம் என்று எனக்கு மனம் நிறைந்துவிட்டது. கடைசியாக அண்ணை வந்தார். அவரையும் விடவில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய், சற்று நேரம் இருந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வந்தார்.

"என்னண்ணை, திரும்பியும் வந்திட்டியள்? இப்ப எங்கை போறியள்?"

அண்ணை வலையைத் தொப்பென்று மணலில் போட்டார். அதற்குள் தண்ணீரும் வற்றி, வள்ளங்கள் எல்லாம் சேற்றில் உட்கார்ந்துவிட்டன.

அண்ணிதான் என்னைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினா. "தம்பி, தொழிலுக்கு வெளிக்கிடுற ஆளை எங்கை போறியள் எண்டு கேக்கக் கூடாது. கேட்டால் திரும்பி வந்து, இருந்து, தண்ணி குடிச்சிட்டுத்தான் போக வேணும். உமக்கு உம்மட அப்பா இதைச் சொல்லித் தரேல்லையே?"

அன்றைக்கு எங்களுக்காகப் பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சுவதாக இருந்தது. மீன், நண்டு, இறால் எல்லாம் போட வேண்டிய கூழில் பலாக்கொட்டையும் பயற்றங்காயும் மட்டும் மிதந்தன. பரிதாபப்பட்டு யாரோ கொஞ்சம் கருவாடு கொடுத்துவிட்டார்கள். வேலிக்கு மேலால் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்து, "உவர்தானோ ஆள்?" என்று விசாரித்துப் போனார்கள். என் மனைவி கூழைக் குடித்தாளோ சிரிப்பை விழுங்கினாளோ, எனக்குத் தெரியாது. அண்ணை என் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த நாள் காலை, வள்ளங்கள் போகும்வரை அண்ணி என்னை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டா. நான் தும்மக்கூட இல்லை. மீன் நிறையப் பட்டது. ஆனால் அண்ணை என்னைக் கண்டதும் வலையைத் தூக்கிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போய்விட்டார்.

நான்காம் நாள் காலை புறப்பட்டோம். ஊர்காவற்றுறைக்குப் போய் யாழ்ப்பாண பஸ்ஸைப் பிடித்தால்தான் இரவு ரயில் ஏறலாம். மறுநாள் நான் வேலைக்குக் கந்தோரில் நிற்க வேண்டும். விடைபெற அண்ணையைத் தேடினால் ஆள் வீட்டில் இல்லை. மனம் சரியாக நொந்துபோயிற்று. பூர்வீகம் பார்க்க வந்து, இருந்த ஒரு அண்ணனையும் இழந்துவிட்டுப் போகிறேனே என்று நினைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினேன்.

வீட்டுக்கு முன்னால் ஒழுங்கை திரும்பும் முடக்கில் அண்ணை நின்றார். ஒரு கையில் பெரிய கொடுவா மீன், மறு கையில் ஓலைப்பை நிறைய நண்டு. முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

"எங்கையடா போறாய்?" என்றார்.

"நீர்" எங்கே போயிற்று என்று நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"என்ன பாக்கிறாய்? கேட்டாச்சு. இனித் திரும்பத்தான் வேணும். வந்து இருந்து, தண்ணி குடிச்சு, மீன் போட்ட கூழும் குடிச்சிட்டு நாளைக்குப் போ."

முதலில் திரும்பி நடந்தவள் என் மனைவிதான். தூரத்தில் பஸ்ஸின் ஹோன் சத்தம் கேட்டது. கந்தோருக்குத் தந்தியில் என்ன காரணம் எழுதுவது என்று தெரியாமல், வயிற்றுக்கோளாறு என்று எழுதினேன். அன்று பின்னேரம் பனையோலைப் பிளாவில் ஐந்து தடவை கூழ் குடித்ததில் அதுவும் உண்மையாகிவிட்டது.

இப்போதும் நான் வெளியே புறப்படும்போது யாராவது எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் மனைவி முகத்தைச் சுளிப்பாள். எனக்கு மட்டும் அது அபசகுனமாகப் படுவதில்லை. என்னைப் போகவிட மனமில்லாத ஒருவர் ஒழுங்கை முடக்கில் மீனோடு நிற்கிறார் என்றே தோன்றும்.