அம்மா கட்டிய "கல்லறை"

எங்கள் அண்ணன் பொய் சொல்கிறான். போன கிறிஸ்துமஸுக்குக் கோயில் விழாவில் மேடையேறி மைக்கைப் பிடித்து, "எங்க அப்பா தன் கையால கட்டுன அடுப்புலதான் அந்தக் காலத்துல தெருவுக்கே கேக் வெந்துச்சு" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாவும் சேர்ந்து தட்டினார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஈரக் களிமண் சூடேறும் வாடை எங்கே வந்தாலும் எனக்குத் திருச்சி பாலக்கரையில் எங்கள் வீட்டுக் கொல்லைதான் ஞாபகம் வரும். கிறிஸ்துமஸ் கேக்கை வீட்டில் கலக்கி, ட்ரேயில் ஊற்றி, பேர் எழுதிய சீட்டோடு பேக்கரியில் கொடுத்து வேகவைத்து வாங்கி வருவது எங்கள் தெரு வழக்கம். ஒரு வருடம் பேக்கரிக்காரர், "வெளி ட்ரே எடுக்கிறதில்லைம்மா, எங்க ஆர்டரே முடியல" என்று கையை விரித்துவிட்டார். கோபம் வந்தால் அம்மாவுக்கு நாக்கு முந்திக்கொள்ளும். எனக்கும் அதே வியாதிதான். கூட வந்த பெண்களிடம் அங்கேயே, "எல்லாரும் எங்க வீட்டுக்குக் கொண்டாங்க, நான் வேகவச்சுத் தரேன்" என்று சொல்லிவிட்டார். வீட்டில் அப்படி ஓர் அடுப்பே இல்லை என்பது தெருமுனைக்கு வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். இரும்பை வளைத்தவனுக்குச் செங்கல் என்ன பிரமாதம் என்று, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கையோடு சிமெண்டைக் குழைத்து, சுவர் எழுப்பி, மேலே வளைவும் கட்டினார். சாயங்காலம் அது அப்படியே உட்கார்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் காமாட்சி அத்தை மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து அம்மாவிடம், "ஏன் மரியா, இந்த வருஷம் செங்கல் கேக்கா?" என்றார். அப்பாவே சிரித்துவிட்டார்.

அம்மா சிரிக்கவில்லை. மறுநாள் லால்குடிப் பக்கம் தன் பிறந்த வீட்டுக்குப் போய், வயல் களிமண்ணை மூட்டை கட்டிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார்.

"என்னம்மா, நெல்லா?" என்றார் கண்டக்டர்.

"மண்ணு."

"திருச்சியில மண்ணு இல்லையாம்மா?"

"இருக்கு. நிக்க மாட்டேங்குது."

கொல்லையில் ஈர மணலைப் பெரிய இட்லி மாதிரிக் குவித்து, அதன்மேல் நனைத்த பேப்பரை ஒட்டி, உமி கலந்த களிமண்ணால் செங்கல்லை ஒவ்வொன்றாகச் சுற்றி வைத்தார் அம்மா. அப்பா செங்கல் எடுத்துக் கொடுத்தார். நன்றாகக் காய்ந்த பிறகு, முன்னால் விட்டிருந்த வாய் வழியாக மணலை வாரி வெளியே போட்டார்கள். கூரை நின்றது. பெரிய வெள்ளியன்று கோயிலில் ஜோடிக்கும் இயேசுவின் கல்லறை மாதிரியே இருந்ததால், தெரு அதற்குக் "கல்லறை" என்று பேர் வைத்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எங்கள் முன்னறை முழுக்க ஊரார் ட்ரேக்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சோற்றடுப்பு. வேகும்வரை தீ எரிய வேண்டும் என்று நினைத்து, விறகு எரிய எரிய எங்கள் ட்ரேயை முதலில் உள்ளே தள்ளினோம். வெளியே எடுத்ததும் அப்பா கத்தியால் குத்திப் பார்த்து, "மேல கரி, உள்ள கஞ்சி" என்றார். முன்னறையில் பெண்கள் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள். அம்மாவின் முகம் சிவந்தது. மண்வெட்டியை எடுத்துத் தணலையெல்லாம் வெளியே இழுத்துக் கொட்டினார். மிச்ச மாவை வேறொரு ட்ரேயில் ஊற்றி உள்ளே வீசாத குறையாக வைத்து, "வெந்தா வேகு, இல்லாட்டி நாசமாப் போ" என்று தகரத்தால் வாயை மூடிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டார்.

வாசனைதான் அவரைத் திரும்ப இழுத்து வந்தது. தகரத்தை எடுத்தால், பொன்னிறத்தில் உப்பிக்கொண்டு நிற்கிறது கேக். தீயை வெளியே இழுத்த பிறகும் செங்கல்லில் தங்கியிருக்கும் சூடே போதும் என்பது, அம்மா கோபப்படாமல் இருந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. அதன்பிறகு உள்ளே போன ட்ரேக்களெல்லாம் அப்படித்தான் வெந்தன.

யார் அடுப்பைப் புகழ்ந்தாலும் அப்பா, "நான் கட்டுனது விழுந்துச்சுங்க. நிக்கிறது அவ கட்டுனது" என்பார், கடைசிவரை. நல்ல மனுஷர்.

இன்று அந்த இடத்தில் அண்ணனின் கார் நிற்கிறது. தெருவில் யாரும் ட்ரே தூக்குவதில்லை. கேக் அட்டைப்பெட்டியில் வீடு தேடி வருகிறது. அதற்காக நான் அழவில்லை. அடுப்பு போனால் போகட்டும், கட்டியவள் உயிரோடு இருக்கிறாள். அண்ணே, வீட்டுக்குள் வந்து என்னிடம் சமாதானம் பேசாதே. வருகிற கிறிஸ்துமஸுக்கு அதே மேடையில், அம்மா முன்வரிசையில் இருக்கும்போது, அதே மைக்கில் பதில் சொல்: அந்த அடுப்பைக் கட்டியது யார்?