ஒன்றரை ஷிப்டும் ஒரு சாட்சிக் கையெழுத்தும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, வைகாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பூரில் ஒரு வக்கீல் ஆபீஸில், கணவர் அனுப்பிய விவாகரத்து நோட்டீஸோடு உட்கார்ந்திருந்தேன். விவாகரத்து எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அவர் ஏற்கெனவே வேறொரு பெண்ணோடு குடித்தனம் போட்டுவிட்டார். போனால் போகட்டும் என்று தலைமுழுகிவிட்டேன். ஆனால் எங்கள் ஏழு வயது மகளும் தனக்கு வேண்டும் என்று கேட்டிருந்தார். நான் ஒன்றரை ஷிப்ட் வேலை பார்க்கிறேனாம், பிள்ளையைக் கவனிக்க ஆளில்லையாம்.

பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்கு வெளியே வருவது. அவர் அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், நான் டெய்லர். ஒரே வண்டியில் போய் ஒரே வண்டியில் திரும்பியவர்கள்தான். அவர் பார்த்தால் குடும்பத்துக்காக உழைக்கிறார், நான் பார்த்தால் பிள்ளையை அநாதையாக விடுகிறேன். இதை எழுதியவர்களுக்குக் கொஞ்சமாவது கை கூசியிருக்க வேண்டாமா?

பதில் மனு தயார் செய்த வக்கீலம்மா நல்ல மாதிரி. பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டே வந்தார்.

"நீங்க கம்பெனிக்குப் போயிட்டா பாப்பாவ யாருங்க பாத்துக்கறாங்க?"

"பக்கத்து ரூம்ல பீகார்க்காரப் பொண்ணு இருக்கு மேடம். ஸ்கூல் விட்டு வந்ததும் எம் புள்ள அங்கதான் இருக்கும், சாப்பிடும்."

வக்கீலம்மாவின் பேனா நின்றது. "அப்படிப் போட்டா அவுங்க பக்கம் புடிச்சுக்குவாங்க. உங்கம்மா கூட இருக்காங்கன்னு போட்டுக்கலாமுங்க. எல்லாரும் அப்படித்தானுங்க போடறாங்க."

என் அம்மா இருப்பது விருதுநகர் பக்கம், படுத்த படுக்கையாக. எனக்குச் சுர்ரென்று வந்தது. எங்கள் லைன் வீட்டில் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அந்தப் பெண்தான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, என் பிள்ளைக்கும் சுடச்சுட ரொட்டி போட்டுக் கொடுப்பாள். எதுவும் வாங்க மாட்டாள். அவள் இல்லவே இல்லை என்று எழுதிவிட்டு என் பிள்ளையை நான் எந்த முகத்தோடு கேட்பது?

"உள்ளதை எழுதுங்க மேடம்" என்றேன்.

"அப்ப அந்தப் பொண்ணு சத்தியம் பண்ணி ஒரு அபிடவிட் எழுதிக் குடுக்கோணுங்க" என்றார்.

அன்று மாலையே அவளிடம் கேட்டேன். கோர்ட் என்றதும் அவள் கணவரின் முகம் மாறியது. சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறவர். போலீஸ் வருமா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். அவள்தான் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டபடி, "பாப்பா என் பாப்பா அக்கா. நான் சைன் போடும்" என்றாள்.

வில்லங்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. அவர்கள் ஆதாரில் இருப்பது பீகார் விலாசம். எங்கள் பக்கத்து அறையில்தான் குடியிருக்கிறார்கள் என்று வீட்டு ஓனரிடம் ஒரு கடிதம் வேண்டும் என்றார் வக்கீலம்மா. திருப்பூரில் வடக்கத்திக்காரர்களுக்கு வாடகைக்கு விடும்போது எழுத்தில் என்ன இருக்கிறது? எல்லாம் வாய்ப்பேச்சுதான். ஓனரிடம் நான்தான் போய்க் கேட்டேன். மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார். நல்ல மனிதர் என்று வாயாரச் சொல்லிவிட்டு வந்தேன். அவளும் வந்து நோட்டரி முன்னால் இந்தியில் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஓனர் வந்தார். அவர்கள் அறை வாசலில் நின்று, இந்த மாதத்தோடு காலி செய்யச் சொன்னார். நான் பதறிப்போய் ஓடினேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்க கண்ணு. கோர்ட்டு, சாட்சின்னு நம்மூட்டுக்கு ஆளு வந்தா நல்லாருக்குங்களா? எனக்கெதுக்குங்க இந்த வம்பெல்லாம்?"

"கேஸ் என்னோடதுங்கய்யா. காலி பண்ணணும்னா என்னைப் பண்ணச் சொல்லுங்க."

"அய்யோ, உங்களப் போயி சொல்லுவனுங்களா?"

இந்த ஊரில் வீட்டை விட்டுத் துரத்துவதையும் 'ங்க' போட்டுத்தான் சொல்வார்கள். என்னைத் துரத்தினால் நாலு பேரைக் கூட்டி வந்து நியாயம் கேட்பேன். அவளுக்காக யார் வருவார்கள்? நான் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தேன். மாதக் கடைசியில் ஒரு ஆட்டோவில் சாமானை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அங்கேரிப்பாளையம் பக்கம் அறை பார்த்திருப்பதாகச் சொன்னாள். அடுத்த மாதம் தேடிப் போனேன், அங்கேயும் இல்லை. போன் நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது.

விசாரணையன்று நீதிபதி அபிடவிட்டைப் படித்துவிட்டு, "இந்தம்மா இப்போதும் பக்கத்தில்தான் இருக்கிறார்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. கணவர் பக்கத்து வக்கீல் சிரித்தார். உண்மையைத்தான் எழுதினோம், எழுதியதாலேயே அது உண்மை இல்லாமல் போய்விட்டது. அரை ஷிப்டை விட்டுவிட்டேன், மாலையில் வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று கம்பெனியில் எழுதி வாங்கிக் கொடுத்த பிறகுதான் மகள் என்னோடு இருக்கலாம் என்று உத்தரவானது. கணவர் என்ன ஷிப்ட் பார்க்கிறார் என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளையைப் பார்க்க அவருக்கு அனுமதி உண்டு. முதல் இரண்டு வாரம் வந்தார், அவ்வளவுதான்.

கேஸில் ஜெயித்துவிட்டேன் என்று கம்பெனியில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. என் பிள்ளை என் வீட்டில் இருப்பதற்காக, கைக்குழந்தையோடு ஒருத்தி தன் வீட்டை இழந்தாள். அவளிடம் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்க முடியாமல், தினமும் என் மகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன்.