ஸலாம் கொடுக்கும் அபாயா

கடை வாசலில் கூட்டம் நிற்பது இறைவன் தரும் பரக்கத்தா, பாரமா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நோன்புக்குச் சற்று முன்புதான் என் கணவர் கல்முனையில், பெண்கள் மேலாடையாக அணியும் அபாயாக்களுக்குக் கடை திறந்தார். முதல் பெருநாள் வியாபாரம். இது சரிவராவிட்டால் மறுபடியும் கட்டாருக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லியிருந்தார். அவர் ஊர் திரும்பியபோது அவரைக் கண்டு வீரிட்டு அழுத எங்கள் மகள், இப்போதுதான் அவர் மடியில் இருந்து சாப்பிடப் பழகியிருக்கிறாள். எப்படியாவது சனம் கடையைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று யோசித்தேன்.

உருவம் வைப்பது மார்க்கத்தில் கூடாது என்பார்கள்; முகம் வைத்த பொம்மை எங்கள் ஊரில் சரிவராது. வீட்டில் கிடந்த பழைய மேசை மின்விசிறியின் இறக்கைகளைக் கழற்றி, அதன் கழுத்தில் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கட்டினேன். அதில் கறுப்பு அபாயாவை மாட்டி, தலைக்குப் பஞ்சு உருண்டை வைத்து ஷோல் சுற்றினேன். கடையின் முன்கண்ணாடிக்குள் வைத்து மின் ஆளியைப் போட்டதும் அபாயா மெதுவாக வலப்பக்கம் திரும்பியது; பிறகு இடப்பக்கம். அழகாகத்தான் இருந்தது. வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

முன்னால் ஆட்டோ நிறுத்துபவர்களுக்கு உடனே தோன்றிவிட்டது: தொழுகையின் முடிவில் முகத்தை வலப்பக்கமும் இடப்பக்கமும் திருப்பி ஸலாம் கொடுப்போமே, அது.

“காக்கா, ஒங்கட அபாயா காலையிலிருந்து ஸலாம் குடுக்குது. இன்னும் தொழுது முடிக்கல்லியா?” என்று ஒருவர் என் கணவரைக் கேட்டார்.

“அது தறாவீஹ் தொழுகுது மச்சான். இப்ப முடியாது” என்று நோன்பு இரவின் நீண்ட தொழுகையைச் சொன்னார் இன்னொரு ஆட்டோக்காரர்.

தொழுகையைக் கேலியாக்கிவிட்டேனோ என்று பயந்தேன். கணவரோ சிரித்தபடி, “என்ட வீட்டுக்காரி செஞ்ச வேல” என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். பின்னேரமானால் ஆண்கள் வாசலை அடைத்து நின்று வீடியோ எடுக்கிறார்கள்.

நேற்று அடுத்த வீட்டு ராத்தா வேறு கடையில் வாங்கிய அபாயாவைக் காட்டினார்.

“எங்கட கடைக்கு வரல்லியா ராத்தா?”

“ரெண்டு தரம் வந்தன் கிளி. அத்தின ஆம்புளையளுக்குள்ளால எப்பிடி உள்ளுக்கு வாற? உன்ட அபாயாவப் பாக்க வந்தவனுகள் என்னயெல்லுவா பாத்தானுகள்!”

இதைக் கணவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று கடைக்குப் போனேன். என்னைக் கண்டதும், “புள்ள, இன்னொரு ஃபேன் வாங்கி வெச்சிரிக்கன். மத்தக் கண்ணாடிக்கும் ஒண்டு செய்வமா?” என்றார். அந்த முகத்தைப் பார்த்து, “ஓம்” என்று தலையாட்டிவிட்டேன்.

பெருநாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாட்கள்தான். இதை அவரிடம் எப்படிச் சொல்வது? பெண்களுக்கான கடை நடத்தும் சகோதரிகளே, ஆண்கள் கூடாமல் பெண்களை மட்டும் உள்ளே அழைக்கும் வழி தெரிந்தால் எழுதுங்கள்.