டேப் ரிக்கார்டரில் செல்லம்மையின் சத்தம்

இன்னைக்கு கோட்டாறுல மச்சினன் வச்ச கலைக்காட்சிக்குப் போனோம், மக்கா.

திருவனந்தபுரத்துல ஓவியம் படிக்கிறவன். ஆனா அங்க படமே இல்ல. டேப் ரிக்கார்டர்ங்கிற புது மெஷின் மட்டும்தான்.

"நம்ம சத்தத்த நாமளே வெளிய நின்னு கேக்கணும். அதுதான் இங்க கலை"ன்னான்.

என் மனைவி செல்லம்மை ரெண்டு வார்த்தை பேசினா. மெஷின் அப்படியே திருப்பிச் சொல்லிச்சு.

"இதா எனக்க சத்தம்? தகரத்த உரசுன மாதிரில்லா இருக்கு! இதையா இத்தன நாளும் கேட்டிய?"

பஸ்ஸுல வாயே திறக்கல. வீட்டுக்கு வந்து சோறு போட்டுட்டு, கையக் காட்டித்தான் கூப்பிட்டா.

நான் அசையல. "வாயத் திறந்து கூப்பிடு. அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குப் பசிக்கும்."

சிரிச்சுட்டா. பிறகு கூப்பிட்டா பாருங்க, பக்கத்து வீட்டுக்காரரும் கை கழுவ எந்திரிச்சுட்டாரு!

உங்க வீட்டுச் சத்தம் எதுவரைக்கும் கேக்கும், மக்கா?